எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஆசிரியர் யாவர்?

ஒரு நூலைக் கையிலெடுத்த அளவிலே அதனை ஆக்கியோன் யாவன் என்று வினவுதல் தமிழ் பயிலும் மாணவர்க்கு இயல்பாயமைந்த வழக்கமாகும். நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு வகுத்த எட்டு உறுப்புக்களுள் ஆக்கியோன் பெயரே தலைநிற்கின்றது; வழி, எல்லை, நூற்பெயர் முதலியன அதன் பின்னரே வைக்கப்பட்டுள்ளன. இவ்வளவுகோலைக் கொண்டு புதிய ஏற்பாட்டின் நிருபங்களை நோக்குவோமாயின், அவற்றுட் பெரும்பாலன பாயிரக் குறையின்றித் திகழக் காண்போம். பவுல் பெயரால் வழங்கும் 13 நிருபங்களும் கிரேக்க மூலத்தில் 'பவுல்' என்னும் சொல்லையே முதற்சொல்லாகக் கொண்டு தொடங்குகின்றன. எழுதுவோன் இன்னான், பெறுவோர் இன்னார் என்று முதற்கண் கூறி, வாழ்த்துரைத்து, அதன்பின் பொருளிற் புகுதல் அக்காலத்துக் கடிதமுறை.

எபிரெயருக்கு எழுதப்பட்டதென வழங்கும் நிருபமோ இம்முறையைக் கைக்கொள்ளவில்லை. 13 அதிகாரங்களும் 303 வசனங்களும் கொண்ட இப்பெருநிருபத்தில் ஓரிடத்தேனும் எழுதியவர் பெயர் காணப்படவில்லை. தொடக்கத்தில் வாழ்த்துமில்லை; பெறுவோர் இன்னார் என்னும் குறிப்புமில்லை. யோவானுடைய முதல் நிருபமும் இங்ஙனம் பெயரின்றித் தொடங்குவதே. ஆயின், அதன் நடை நான்காம் சுவிசேஷத்தின் நடையோடு ஒத்துச் செல்லுதலின் அதற்கு ஓர் உறவேனும் காட்டலாம். இந்நிருபத்துக்கு அவ்வுறவும் இல்லை. 'எபிரெயருக்கு' என்னும் தலைப்புத்தானும் ஆசிரியர் இட்டதன்று, ஏடு தொகுத்தோர் இட்டதே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. இறுதி அதிகாரத்தின் முடிவில் மட்டுமே கடிதத்தின் சாயல் தோன்றுகின்றது. ஆங்கே தீமோத்தேயு விடுதலை பெற்ற செய்தி ஒன்றும், இத்தாலியைச் சார்ந்தோர் அனுப்பும் வாழ்த்து ஒன்றும் உள்ளன. அவ்வாழ்த்தை அனுப்பியோர் இத்தாலியில் இருந்தனரோ, அந்நாட்டை விட்டு வேறிடத்து வாழ்ந்தனரோ என்பது அத்தொடரால் தெளியக் கூடவில்லை.

இத்தகைய வினாக்கள் விசுவாசத்துக்கு ஊறு செய்வன என்றும், மேனாட்டு அவிசுவாசிகள் அண்மைக் காலத்திற் கிளப்பிவிட்டவை என்றும் எண்ணும் அன்பர் நம்மிடையே பலர் உளர். கல்லூரி வகுப்பிற் கேட்ட ஐயத்தை விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது பெட்டியின் அடியில் மறைத்துக் கொண்டு செல்லும் மாணவர் சிலரை யாம் அறிவோம். குடும்ப ஜெபத்தில் வாசிக்கப்படும் ஒரு நிருபத்தைப் பவுல் எழுதவில்லை என்று சொல்லின் தந்தையார் மனம் நோவாரோ என்பது அவர் அச்சம். அவ்வச்சம் எளிதில் நகைத்து ஒதுக்கற்பாலதன்று. ஆதலின், இவ்வொரு நிருபத்தைப் பற்றிய வினா எங்கே, யாரால், எக்காரணத்தால் எழுந்தது என்பதனைச் சற்று நின்று ஆராய விரும்புகின்றோம்.

வினா எழுந்தது சபைக்குள்ளேயே. அதுவும் மிகத் தொன்மையான காலத்தில். இந்நிருபத்தை முதன்முதல் எடுத்தாண்டவராக நாம் அறிவது உரோமாபுரிச் சபையைச் சார்ந்த கிளெமெந்து என்பவரை. ஏறக்குறைய கி.பி. 96-இல் அவர் கொரிந்தியர்க்கு எழுதியதாகக் கொள்ளப்படும் கடிதத்தில் இந்நிருபத்தின் முதல் அதிகாரத்துச் சொற்கள் தெளிவாக எதிரொலிக்கின்றன. ஆயினும் அவர் ஆசிரியர் பெயரைக் கூறாது விடுத்தார். இதில் வியப்பு யாதெனின், இந்நிருபத்தை முதலில் அறிந்திருந்த உரோமாபுரியே அதனைப் பவுலுடையதென ஏற்றுக்கொள்வதற்குக் கடைசியாக முன்வந்தது என்பதே. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமாபுரியில் வாழ்ந்த காயு என்பார் பவுலின் நிருபங்கள் 13 என்றே எண்ணினார் என எவுசேபியுவின் சபை வரலாறு கூறுகின்றது. 1740-இல் முராத்தோரி என்னும் இத்தாலிய அறிஞர் வெளியிட்ட பழைய அட்டவணைத் துணுக்கிலும் எபிரெயர் நிருபத்தின் பெயர் இல்லை.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேச் சபையைச் சார்ந்த தெர்த்துல்லியன் கூற்று இவையெல்லாவற்றினும் கருத்திற் கொள்ளற்பாலது. ஞானஸ்நானம் பெற்றபின் பெரும்பாவத்தில் வீழ்ந்தோர்க்கு மீண்டும் சபையில் இடமளித்தல் கூடாது என வாதிட்ட அவர், தம் கொள்கைக்கு அரணாக இந்நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டினார். அப்போது அவர் அதனைப் பர்னபா எழுதியதென்றே குறித்தார். பவுல் எழுதியது என்று சொல்ல இயலுமாயின் அவர் வாதத்துக்கு எத்துணை வலிமை பிறந்திருக்கும்! சொல்லினால் ஆதாயமுள்ள இடத்தும் அவர் அங்ஙனம் சொல்லாமையின், அவர் காலத்துக் கார்த்தேயில் இது பவுலின் நிருபம் என்னும் வழக்கு வேரூன்றவில்லை என்று நாம் ஊகிக்கலாம். தன் கட்சிக்கு மாறாகச் சாட்சி சொல்வோன் சாட்சியம் எந்நியாயத்தலத்திலும் எடையுடையதன்றோ?

கீழ்நாட்டுச் சபைகளின் நிலை வேறு. எகிப்தில் அலெக்சாந்திரியா நகரத்தார் இந்நிருபத்தைப் பவுலுடையதெனவே போற்றினர். ஆயினும் அவர்க்கும் ஒரு முட்டுப்பாடு இருந்தது: பவுல் எழுதியிருப்பின் பெயரை ஏன் விடுத்தார்? இதற்கு அந்நகரத்துப் பெரியார் ஒருவர், எபிரெயர்க்கு அப்போஸ்தலர் ஆண்டவரே ஆதலின் பவுல் தாழ்மையினால் தம் பெயரை அடக்கினார் என விடை கூறினாராம். அப்பெரியார் பந்தேனு என்பவரே என்று பலர் கொள்வர். அவர் இந்தியாவுக்குச் சென்று வந்தவர் என எவுசேபியு எழுதியிருத்தலின் அவர் பெயர் நம்மவர் செவிக்கு இனியது; அவ்விந்தியா எது என்பதில் மட்டும் அறிஞர்க்குள் வழக்கு உண்டு. அவர்க்குப்பின் வந்த அலெக்சாந்திரியக் கிளெமெந்து வேறொரு விடை கண்டார். தம்மேல் வெறுப்புற்றிருந்த யூதர் பெயரைக் கண்ட அளவிலே ஏட்டை எறிந்துவிடுவர் என அஞ்சிப் பவுல் பெயரை மறைத்தார் என்றும், அவர் எபிரெய மொழியில் எழுதியதை லூக்கா கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார் என்றும், நடை வேறுபட்டிருத்தற்குக் காரணம் அதுவே என்றும் அவர் உரைத்தார்.

நடை வேறுபட்டுள்ளது என்பதனை, ஆசிரியர் பவுலே என்று நம்பினோரும் உணர்ந்திருந்தனர் என்பதை ஈண்டு நோக்குக. கிளெமெந்தின் விடை கூர்மையானதே. எனினும் நிருபத்தின் சொற்களே அதற்கு இடங்கொடுக்கவில்லை. இதனை எம் தமிழ் வேதாகமத்தைக் கொண்டே ஓரளவு மெய்ப்பித்துக் காட்டல் கூடும்.

10-ஆம் அதிகாரத்து 5-ஆம் வசனத்தில் ஆசிரியர் 40-ஆம் சங்கீதத்தை எடுத்தாளுகின்றார். ஆங்கே கடவுள் தமக்கு ஒரு சரீரத்தை அமைத்ததாகப் பேசப்படுகின்றது. அச்சரீரத்தின் பலியைப் பற்றியே தொடர்ந்து வாதம் நிகழ்கின்றது. ஆயின் பழைய ஏற்பாட்டிற் சங்கீதத்தைத் திறந்து பார்ப்பின், அவ்விடத்துச் சரீரம் என்னும் சொல்லே இல்லை. செவிகளைத் திறந்ததாகவே காண்கின்றோம். காரணம் யாதெனின், சங்கீதம் எபிரெய மூலத்தினின்றும் தமிழாக்கப்பட்டது. நிருபத்தின் ஆசிரியரோ எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் கிரேக்கப் பழைய ஏற்பாட்டைக் கையிற்கொண்டு எழுதினார். சரீரம் என்னும் பாடம் அக்கிரேக்கத்துக்கே உரியது. எபிரெயத்தில் எழுதினவர்க்கு அச்சொல் கிட்டியிராது. அச்சொல் இன்றி அவ்வாதமும் இல்லை.

இரண்டாவது சான்று இதனினும் அழகியது. 9-ஆம் அதிகாரத்தில் 15-ஆம் வசனம் புதிய உடன்படிக்கையைப் பேசுகின்றது. அடுத்த வசனமோ மரணசாசனத்தையும், அதனை எழுதினவன் இறந்தாலன்றி அது செல்லாது என்பதனையும் பேசுகின்றது. தமிழில் வாசிப்போர்க்கு, உடன்படிக்கையைப் பற்றிய பேச்சில் மரணசாசனம் யாங்ஙனம் நுழைந்தது என்னும் மயக்கம் உண்டாதல் இயல்பு. கிரேக்கத்தில் மயக்கமில்லை, ஏனெனில் 'தியாதேகே' என்னும் ஒரே சொல் உடன்படிக்கைக்கும் மரணசாசனத்துக்கும் பெயராகும். ஆசிரியர் அவ்விருபொருளையும் ஒருங்கு வைத்துச் சிலேடையாக வாதத்தை நடத்துகின்றார். இரட்டுற மொழிதலை நன்கறிந்த தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உடன்படிக்கையைக் குறிக்கும் எபிரெயச் சொல்லுக்கு மரணசாசனம் என்னும் பொருள் இல்லாமையின், மொழிபெயர்ப்பில் இச்சிலேடை தோன்றியதெனல் அரிது. ஒரு மொழியிற் சிலேடையாக அமைந்த செய்யுளைப் பிறமொழியிற் பெயர்க்க முயன்றோர் படும் பாட்டை நாம் அறிவோம். சிலேடையில்லாததைப் பெயர்த்தபோது வாதத்தையே தாங்கும் சிலேடை தானே வந்து பொருந்திற்று என்பதை யார் நம்புவர்?

மூன்றாவதாக ஓசை. நிருபத்தின் முதல் வாக்கியத்திற் கிரேக்கச் சொற்கள் ஐந்து பகர ஒலியிலே தொடங்குகின்றன. பொலுமெரோஸ், பொலுத்ரொபோஸ் என்று அவை அடுத்தடுத்து வந்து செவியை நிறைக்கின்றன. மோனை என்னும் பெயரைக் கேளாத கிரேக்கரும் மோனையின் இன்பத்தை அறிந்திருந்தனர் போலும்! 5-ஆம் அதிகாரத்தில், குமாரன் பட்ட பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றார் என்னுமிடத்து, கற்றலைக் குறிக்கும் 'எமதென்', பாடுபடுதலைக் குறிக்கும் 'எபதென்' என்னும் இரு சொற்களும் ஓரெழுத்தளவே வேறுபட்டு ஒலிக்கின்றன. இவை மொழிபெயர்ப்பாளன் கை நயங்களல்ல. தன் மொழியிலேயே சிந்தித்து எழுதிய புலவன் கை நயங்கள்.

இவ்வாறு நடைக்கும் பவுலின் நடைக்குமுள்ள வேற்றுமையை முதன்முதல் நடுநிலை தவறாது ஆராய்ந்தவர் ஒரிகென். கிரேக்கம் வல்ல அப்பேரறிஞர், இந்நிருபத்தின் சொன்னடை அப்போஸ்தலருடைய கரடுமுரடான பேச்சுப் போன்றதன்று என்றும், கருத்துக்களோ அவருடைய கருத்துக்களுக்குத் தாழ்ந்தனவல்ல என்றும் கண்டு, பவுலின் போதனையை நினைவிற்கொண்ட மாணவர் ஒருவர் எழுதியிருக்கலாம் என்றார். கிளெமெந்து என்பாரும் லூக்கா என்பாரும் உளர் எனக் குறித்து, உண்மையில் எழுதினவர் யார் என்பது கடவுளுக்கே தெரியும் என்று முடித்தார். இங்ஙனம் கூறியவர் விசுவாசத்திற் குறைந்தவரல்லர். தேகியு மன்னன் காலத்துத் துன்புறுத்தலிற் சிறையுற்று வதைக்கப்பட்டவர்.

இனி, நடையை விடுத்து ஆசிரியர் தம்மைப் பற்றி உரைக்கும் ஒரு சொல்லைக் காண்போம். 2-ஆம் அதிகாரத்து 3-ஆம் வசனத்தில், இரட்சிப்பின் செய்தியை ஆண்டவர் முதலில் அறிவித்தார் என்றும், அவரிடம் நேரிற் கேட்டவர்களே அதனைத் தமக்கு உறுதிப்படுத்தினர் என்றும் அவர் கூறுகின்றார். எனவே, தாம் ஆண்டவரிடம் நேரிற் கேட்டவரல்லர், இரண்டாந் தலைமுறையினர் என்பதை அவரே ஒப்புக்கொள்ளுகின்றார். கலாத்தியர்க்கு எழுதிய பவுலோ தம் சுவிசேஷத்தை மனிதரிடத்தினின்று பெறவில்லை, இயேசு கிறிஸ்துவின் வெளிப்பாட்டினாலேயே பெற்றதாக வீறுடன் சாதிக்கின்றார். இவ்விரு கூற்றுக்களும் ஒருவர் வாயினின்று பிறந்தனவாகக் கொள்ளுதல் எவ்வாறு? மார்ட்டின் லூத்தர் 1522-இல் வெளியிட்ட ஜெர்மானியப் புதிய ஏற்பாட்டில் இவ்வொரு வசனத்தையே முதன்மையாகக் காட்டி, ஆசிரியர் பவுலல்லர் என்று முன்னுரையிற் கூறினார். அந்நூலில் இந்நிருபத்தையும் யாக்கோபு, யூதா நிருபங்களையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் இறுதியில் வைத்து, அட்டவணையில் அவற்றுக்கு எண்ணிடாதும் விட்டார். கால்வினும் 1549-இல் தாம் எழுதிய உரையில், பவுல் ஆசிரியர் என்று தம் மனம் துணியவில்லை என்றார். எம் கருத்தில் நடையைப் பற்றிய வாதங்கள் அனைத்தினும் இவ்வசனமே வலியது. நடை பொருளுக்கும் கேட்போர்க்கும் ஏற்ப மாறலாம். ஒருவன் தன் அழைப்பைப் பற்றிச் சொல்லும் வரலாறு அங்ஙனம் மாறுதல் அரிது. மேலும், கிறிஸ்துவைப் பிரதான ஆசாரியர் என்று பேசுவது இந்நிருபத்தின் நடுநாடியாயிருக்க, பவுலின் நிருபங்களில் அப்பெயர் ஒருமுறையேனும் வரவில்லை.

பாடபேதம் ஒன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. சுவடி ஒப்பிடும் தமிழ் மாணவர்க்கு இது விருந்தாகும். 10-ஆம் அதிகாரத்து 34-ஆம் வசனத்தில், 'நான் கட்டப்பட்டிருக்கையில்' என்னைக் குறித்து இரங்கினீர்கள் என்னும் பொருள்பட எம் பழைய தமிழ் வேதாகமமும் 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமமும் மொழிகின்றன. இதனை வாசிப்போர்க்குச் சிறையிலிருந்த பவுலின் நினைவே எழும். ஆயின், அலெக்சாந்திரிய ஏடு எனப்படும் பழஞ்சுவடியில் இரக்கம் 'கைதிகள்' மேற் செல்லுகின்றது. 'என்' என்பதும் இல்லை. கைதிகளைக் குறிக்கும் 'தெஸ்மியொயிஸ்' என்னும் சொல்லில் ஓரெழுத்துக் குன்றினால் கட்டுக்களைக் குறிக்கும் 'தெஸ்மொயிஸ்' ஆகும். பி 46 எனப்படும் பாப்பிரசு ஏட்டில் அவ்வெழுத்துக் குன்றியுள்ளது. சினாய் ஏட்டில் 'என்' என்னும் சொல்லும் வந்து சேர்ந்து 'என் கட்டுக்கள்' என நிற்கின்றது. அலெக்சாந்திரிய ஏடு பி 46-க்குப் பிற்பட்டதாயினும், அதன் பாடமே மூலம் என்று பதிப்பாசிரியர் பெரும்பாலோர் கொள்வர். ஏட்டின் வயது வேறு, பாடத்தின் வயது வேறு ஆகலின். ஓர் எழுத்தும் ஒரு சிறு சொல்லும் சேர்ந்து ஓர் ஆசிரியரையே உண்டாக்கிய விந்தை இது. எழுதினோர் வஞ்சகர் என்று சொல்லத் துணியோம். இது பவுலுடையதே என்று நம்பிய கைக்குப் பவுலின் குரல் கேட்டிருக்கும், அவ்வளவே.

அந்நம்பிக்கை எத்துணைப் பழையது என்பதற்கும் பி 46 ஏடே சான்று. 1930-ஐ ஒட்டி எகிப்தில் வெளிப்பட்ட அவ்வேட்டில் 86 இதழ்கள் எஞ்சியுள்ளன; 56 இதழ்கள் டப்ளின் நகரத்துச் செஸ்டர் பீட்டி நூலகத்திலும், 30 இதழ்கள் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையிலும் உள்ளன. ஏறக்குறைய கி.பி. 200-இல் எழுதப்பட்டதெனக் கருதப்படும் அதிற் பவுலின் நிருபங்களுக்கிடையே, ரோமருக்கு எழுதின நிருபத்தை அடுத்து, எபிரெயர் நிருபம் வைக்கப்பட்டுள்ளது. தலைப்போ 'எபிரெயருக்கு' என்னும் அளவே.

பவுல் அல்லரெனின் வேறு யாவர்? பெயர்கள் பல முன்மொழியப்பட்டுள்ளன. பர்னபா லேவி கோத்திரத்தார். ஆசாரிய ஊழியத்தை அறிந்தவர். அப்போஸ்தலர் நடபடிகளில் அவர் பெயருக்கு 'ஆறுதலின் மகன்' என்று பொருள் கூறப்பட்டுள்ளது. ஆங்கு வரும் 'பராக்ளேசிஸ்' என்னும் சொல்லாலேயே இந்நிருபமும் தன்னை அழைத்துக்கொள்ளுகின்றது. லூக்காவின் கிரேக்க நடை இதனோடு ஒத்திருத்தலின் அவரைக் கூறுவோர் இன்றும் உளர்; 2010-இல் டேவிட் ஆலன் என்பார் இதற்கென ஒரு தனிநூலே வெளியிட்டார். லூத்தர் தம் பிற்காலத்தில் அப்பொல்லோவைக் குறித்தார். அலெக்சாந்திரியாவிற் பிறந்த யூதர், நாவன்மை மிக்கவர், வேதவாக்கியங்களில் வல்லவர் என்று நடபடிகள் அவரைப் புகழ்கின்றன. நிருபத்தின் இயல்பு முழுவதும் அவ்வொரு வசனத்தில் அடங்கியதுபோலத் தோன்றுகின்றது. எம் உள்ளமும் அப்பொல்லோவின்பாற் சாய்வதே. ஆனால் அவரை ஆசிரியர் என்று பழைய எழுத்தாளர் ஒருவரேனும் கூறவில்லை; தன் ஊர் மகனை அலெக்சாந்திரியாவே மறந்து, வேற்றூரார் பெயரை நாடியதென்பது நம்பத்தக்கதாயில்லை.

ஆர்னாக்கு என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் 1900-இல் பிரிஸ்கில்லாவின் பெயரை முன்வைத்தார். அவர் தம் கணவர் ஆக்கில்லாவுடன் இத்தாலியிலிருந்து வந்தவர், அப்பொல்லோவுக்கே உபதேசித்தவர். பெண்ணொருத்தி எழுதியதென்பது சபைக்கு ஒவ்வாமையாற் பெயர் மறைக்கப்பட்டது என்றும், நிருபத்தில் 'நான்' என்பதும் 'நாங்கள்' என்பதும் மாறிமாறி வருதல் இருவர் சேர்ந்திருந்தமையைக் காட்டும் என்றும் அவர் வாதித்தார். எம் வகுப்பு மாணவியர் இக்கொள்கையைக் கேட்ட அளவில் அதனை ஏற்றுக்கொண்டனர்! எனினும் தடையுண்டு. 11-ஆம் அதிகாரத்து 32-ஆம் வசனத்தில், இன்னும் சொல்லப் புகின் தமக்குக் காலம் போதாது என்னும் ஆசிரியர், சொல்லும் தம்மைக் கிரேக்கத்தில் ஆண்பாற் சொல்லாற் குறிக்கின்றார். இனி, 'நாங்கள்' என்றெழுதுவோர் பலராகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. இக்கட்டுரையே அதற்குச் சான்று.

ஆகவே நாம் ஒரிகென் நின்ற இடத்திலேயே நிற்கின்றோம். பதினேழு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவர் விடையினும் சிறந்த விடை கிடைத்திலது. தந்தையின்றித் தாயின்றி வம்சவரலாறின்றித் தோன்றும் மெல்கிசேதேக்கைப் பாடும் இந்நிருபமும் அவரைப் போன்றதே என்று அறிஞர் சொல்வதுண்டு.

இனி, எம்மை ஆராய்ச்சிக்குத் தூண்டிய வினாவுக்கு வருவோம். பவுல் எழுதவில்லையாயின் நிருபத்தின் மதிப்புக் குறையுமோ? பெயரைத் தேடியவர் எதற்காகத் தேடினர் என்பதைக் கண்டால் இது விளங்கும். அப்போஸ்தலர் எழுத்து என்பதே மறைநூற்றொகுதியிற் சேர்தற்கு உரைகல்லாக நின்றமையின், இந்நிருபத்தின் அருமையை உணர்ந்தோர் அதற்கு ஓர் அப்போஸ்தலர் பெயரை நாடினர். அதாவது, பெயர் இருந்தமையால் நிருபம் போற்றப்படவில்லை. போற்றப்பட்டமையாற் பெயர் வந்து சேர்ந்தது. வட ஆப்பிரிக்க சபைச் சங்கங்களின் தீர்மானங்களில் இது கண்கூடாகத் தெரிகின்றது. 397-இல் கார்த்தேயிற் கூடியோர் பவுலின் நிருபங்கள் 13 என்றும், அவரே எபிரெயருக்கு எழுதியது 1 என்றும் தனித்தனியே எண்ணினர். கூட்டிச் சொல்ல அவர் நாக்கு எழவில்லை போலும். 419-இல் அவ்வூரிற் கூடியோர் பவுலின் நிருபங்கள் 14 என்று கூட்டியே சொல்லிவிட்டனர். இடையிற் புதிய சான்று எதுவும் வெளிப்படவில்லை. கடந்தவை 22 ஆண்டுகளே. 1546-இல் திரெந்துச் சங்கமும் 14 என்றே விதித்தது. ஆயினும் 1914-இல் உரோமைத் திருச்சபையின் வேதாகமக் குழு, பவுலையே ஆசிரியராகக் கொண்டபோதிலும், நிருபம் இன்றுள்ள வடிவத்தை அவரே கொடுத்தார் எனக் கொள்ளவேண்டுவதில்லை என்று இடம் விட்டது.

இவ்விரு சங்கங்களுக்கும் இடைப்பட்ட 414-இல் எரோனிமு தர்தானு என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு விடை கிடைக்கின்றது. லத்தீன் சபைகள் தயங்குவதையும், கிரேக்கச் சபைகள் ஏற்பதையும், பர்னபா, கிளெமெந்து முதலியோர் பெயர் கூறப்படுவதையும் அவர் ஒளியாது எடுத்துரைக்கின்றார். அதன்பின், இது சபையைச் சார்ந்த ஒருவருடையதாயும் சபைகளில் நாடோறும் வாசிக்கப்படுவதாயும் இருத்தலின், எழுதினவர் எவராயினும் ஆகுக என்று கூறித் தாம் அதனை ஏற்றுக்கொள்ளுகின்றார். வேதாகமத்தை லத்தீனில் தந்த பெருமகனார் இங்ஙனம் கூறியதை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மாணவன் அதனைப் பெட்டியின் அடியில் வைக்கவேண்டுவதில்லை என்பது எம் எண்ணம்.

எம் முன்னோர் செய்த ஒரு செயலும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. சங்கச் செய்யுட்களைத் தொகுத்தோர் சில பாட்டுக்களுக்கு ஆசிரியர் பெயர் கிடையாதபோது, அவற்றைக் கபிலர்க்கோ பரணர்க்கோ உரிமையாக்கி விடவில்லை. பாட்டிலுள்ள அருந்தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் வழங்கினர். அப்பாட்டுக்கள் கபிலர் பெயரின்மையால் குறைவுற்றனவாக எவரும் கருதியதில்லை.

நிருபத்தின் தலைப்பு அச்சிற் பெற்ற மாற்றம் ஒன்றைக் கூறி இதனை நிறுத்துவோம். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் அப்போஸ்தலனாகிய பவுலின் பெயர் இந்நிருபத்தின் தலைப்பிற் பொறிக்கப்பட்டது. 1881-இல் அதனைத் திருத்தி வெளியிட்ட ஆங்கிலேயர் அத்தலைப்பை மாற்றாது விட்டனர். அவரோடு உடனுழைத்த அமெரிக்கக் குழுவினர் அதற்கு உடன்படாமையின், அந்நூலின் பின்னிணைப்பிலேயே, எபிரெயர் நிருபத்தின் தலைப்பினின்று பவுலின் பெயரை நீக்குக என்று தம் கருத்தை அச்சிடுவித்தனர். ஒரே அட்டைக்குள், தலைப்பிற் பெயரும் கடைசி ஏடுகளில் அதனை நீக்கும் விண்ணப்பமும் 20 ஆண்டுகள் உடனிருந்தன. 1901-இல் அவ்வமெரிக்கர் தம் பதிப்பைத் தனியே வெளியிட்டபோது பெயரை நீக்கினர். பி 46 ஏட்டில் உள்ளவாறே, எபிரெயருக்கு என்னும் குறிப்பு மட்டும் எஞ்சிற்று.